ஹெலிகாப்டருக்குப் பச்சை அடித்த கதை

என் வீட்டுக்காரர் சுப்புராஜ் எட்டு மாதமாக ஒரு ஹெலிகாப்டர் கட்டினார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மை, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற மனிதர். சின்னாளபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளோடு உட்கார்ந்துவிடுவார். இடுக்கியால் எடுத்து, உப்புத்தாளால் ராவி, ஒட்டி, ஊதி ஊதிப் பார்ப்பார். என்னிடம் ஒருநாளும் அவ்வளவு பொறுமையாகப் பேசியது கிடையாது.

ஒட்டும் வேலை முடிந்து வர்ணம் மட்டும் பாக்கி. பேனா மாதிரி ஒரு ஏர்பிரஷ்ஷும் அதற்குக் காற்றடிக்கிற மோட்டாரும் வாங்கி வைத்து நாலு மாதம் ஆகிவிட்டது. எப்போது அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், "கை நடுங்குது மதி. ஒரு தடவ ஒழுகிருச்சுன்னா எட்டு மாச வேல அம்புட்டும் போச்சு" என்பார். எனக்குத் தெரிந்து, மற்றவர் கண்ணாடியில் திருகாணி முடுக்கும்போது நடுங்காத கை அது.

போன வாரம் ஹெலிகாப்டரைப் பெட்டியில் வைத்து மூடினார். "பரண்ல போட்டுரு. நமக்கு இதெல்லாம் ஆகாது" என்றார். அந்த முகத்தை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆசையாக ஒன்றே ஒன்று செய்தார், அதையும் விட்டுவிட்டால் இந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

நானே அடித்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பதினைந்து வருடமாகச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவள், எனக்கா வர்ணம் தெரியாது? சனிக்கிழமை அவர் கடைக்குப் போனதும் வீடியோ பார்த்தேன். வர்ணத்தில் தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கலக்கச் சொன்னார்கள். பாலாவது மோராவது, சாயம் தண்ணீராக ஓடினால்தானே உள்ளே இறங்கும் என்று ஒன்றுக்கு நாலு ஊற்றினேன். அட்டையில் அடித்துப் பார்த்தபோது அழகாகத்தான் பிடித்தது.

ஹெலிகாப்டரில் வெளிறித் தெரிந்தது. எங்கள் பட்டறையில் நிறம் போதவில்லை என்றால் ஈரத்தோடு ஈரமாக இன்னொரு முக்கு முக்குவோம். அதே கணக்கில் ஏர்பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுபோய் மறுபடியும் விசையை அழுத்தினேன். துணியும் அட்டையும் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. பச்சை திரண்டு, கதவிலிருந்து அடிவயிறு வரை கோடு கோடாக வழிந்தது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். நூல்பிசிறும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் அவர் வந்தபோது அந்த ஹெலிகாப்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். "கெடுத்துட்டேங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தின்னர் எம்புட்டு ஊத்துன?"

"ஒன்னுக்கு நாலு."

"அடிப்பாவி, சாயத்தொட்டின்னு நெனச்சியா?" என்றவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஓர் ஓரத்தில் தேய்த்தார். பச்சை பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் அவர் ராவிய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது.

"இம்புட்டுதானா!" என்றார்.

"துடச்சா போயிரும்னு தெரியுமா உங்களுக்கு?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வீடியோவுல சொல்லுவாய்ங்க. நெசமா போகும்னு நான் நம்பல மதி."

முழுவதும் துடைத்துக் காயவைத்தார். பிறகு குப்பியைத் திறந்து, சொட்டுச் சொட்டாகத் தின்னர் விட்டுக் கலக்கினார். கிண்ணத்தைச் சாய்த்து, பால் மாதிரி மெல்லப் படிந்து இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார். மோட்டாரைப் போட்டார். ஏர்பிரஷ்ஷைத் தூக்கிய கை நடுங்கியது. பொய் சொல்லவில்லை, பாவம். நிஜமாகவே நடுங்கியது. நான் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன்.

"விடு. ஒழுகுனா ஒழுகட்டும், துடச்சுக்கிருவோம்" என்றார்.

நடுங்குகிற கையோடேயே விசையை அழுத்தினார்.