பாண் வானின் உள்தாழ்ப்பாள்

என் கணவர் இரகுநாதனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பண்டாரவளையில் ஒரு பேக்கரியை இழுத்து மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மனுஷர், அவர்கள் பாண் ஏற்றி விற்ற வான் வண்டியையே ஓட்டிக்கொண்டு மடுல்சீமைக்கு வந்து சேர்ந்தார். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பாண் விற்கப் போகிறார் என்று தொழிலாளர் லயமெல்லாம் ஒரு கிழமை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

“கதிர்காமத்துக்கு வீட்டோட போவம்,” என்றார். “மடத்தில இடிபடத் தேவையில்லை. உதுக்குள்ளயே சமைக்கலாம், படுக்கலாம். பிறகு நல்லூர், திருக்கோணமலை எல்லாம் போகலாம்.”

கதிர்காமம் என்றதும் என் நேர்த்திக்கடன் நினைவுக்கு வந்தது. 1954இல் என் மகன் தர்மராசாவை, எங்கள் ராசனை, நெருப்புக் காய்ச்சல் இருபத்தொரு நாள் போட்டு வாட்டியது. பிள்ளை பிழைத்தால், வீட்டுச் சாமி விளக்கிலிருந்து ஏற்றிய சுடரை அணையாமல் கந்தன் சந்நிதிக்குக் கொண்டுவருவேன் என்று நேர்ந்திருந்தேன். பஸ்ஸிலும் ரயிலிலும் எரியும் விளக்கோடு யார் ஏற்றுவார்கள்? அதனால் அடுத்த ஆடிக்கு அந்த வானிலேயே போவதென்று சம்மதித்தேன்.

தோட்டத்துத் தச்சர் மாடசாமி வேலையைத் தொடங்கினார். பாண் அடுக்கும் தட்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்ற, மிச்சத் தட்டுகள் பிள்ளைகளுக்குப் படுக்கைகளாயின. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் ஓர் அலுமாரி, அடுப்பு அசையாமல் இருக்க ஒரு சட்டம், மேலே காற்றுக்குக் கைகூட நுழையாத நான்கு கீறல் துவாரங்கள். சாரதி ஆசனத்துக்கும் பின்பகுதிக்கும் நடுவே பேக்கரிக்காரர் போட்டிருந்த தகரச் சுவர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்து மூன்று தரம் தட்டினால் நிறுத்துவேன் என்றார் இவர்.

கடைசி வேலை பின்கதவு. அதற்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள்.

“உள்பக்கமும் ஒண்ணு போட்டுடுறேங்க, கிளாக்கரம்மா,” என்றார் மாடசாமி. “பாணு உள்ள இருந்து கதவத் திறக்கப் போறதில்ல. மனுஷன் திறக்கணுமில்லீங்களா.”

எனக்கு உடனே போன மாரியில் நடந்தது கண்முன் வந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் பின்பலகை திறந்து, மேல் லயத்துப் பிள்ளையொன்று விழுந்து செத்தது. அதன் தாய் ஓடிவந்ததை நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து என் பிள்ளைகள் ஏறும் எந்த வாகனத்தின் கதவையும் நான் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன்.

“வேண்டாம்,” என்றேன். “ராசன் கை வைக்காத சாமான் ஒண்டும் இல்லை. ஓடேக்க திறந்துபோட்டானெண்டால்? வெளியில இருக்கிற தாழ்ப்பாளே காணும்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில், “சரிங்கம்மா” என்று குனிந்துகொண்டார். இவர்கூட, “யோசிச்சுச் செய்யும்” என்றார். நான் ஒற்றைக்காலில் நின்றேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள், அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

புறப்படும் நாள் விடிய, லயத்துச் சனம் வாசலில் நின்றது. லீவு கிடைக்காதவர்கள், கதிர்காமம் போகிறவர்களிடம் தங்கள் கற்பூரத்தைக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். மஞ்சள் துணியில் முடிந்த நாற்பத்தொரு முடிச்சு. எங்களோடு துணைக்கு வந்த அங்கம்மாவிடம்தான் எல்லோரும் கொடுத்தார்கள். கொழுந்தெடுக்கிறவள், எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த முடிச்சு யாருடையது, யாருக்கு என்ன நேர்த்தி என்று ஒன்றுவிடாமல் சொல்லுவாள்.

முடிச்சுகளை மூடியில்லாத தேயிலைப் பெட்டியொன்றில் போட்டு, வானின் மூலையில் வைத்தேன். அதன் பின்னால் முருகன் படம். அதற்கு மேலே கொளுக்கியில், என் நேர்த்திச் சுடர் எரியும் அரிக்கன் லாம்பு. சாமி சாமான் எல்லாம் ஒரே மூலையில் இருக்கட்டும், படுக்கைத் துணிக்கும் தூரம் என்று நினைத்தேன்.

நானும் பிள்ளைகளும் பின்பகுதியில் ஏறியபின் அங்கம்மா தன் கம்பளியோடு ஏறினாள். மலையில் பனிக்கும் மழைக்கும் தலையில் போட்டுக்கொள்ளும் முரட்டுக் கம்பளி, முதல்நாள் மழையில் நனைந்து ஈரமாயிருந்தது.

“உதென்ன நாத்தம்? இறக்கி வைச்சிட்டு வா,” என்றேன்.

“குளிருதுங்கம்மா. மடிச்சுக் கீழ போட்டுக்கிட்டு அது மேல ஒக்காந்துக்கிறேன்,” என்றாள். பயணம் தொடங்கும்போது சண்டை வேண்டாமென்று விட்டேன்.

இவர் வெளியே தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பசறை வருமுன் பிள்ளைகள் நாலு தரம் தகரத்தைத் தட்டிவிட்டார்கள். ஒருமுறை தண்ணீர், ஒருமுறை குரங்கு, இரண்டுமுறை சும்மா. நாலாம் முறை இவர் கதவைத் திறந்து, மூக்கு நுனியில் கோபத்தோடு, “இனி மொனராகலையிலதான் நிப்பாட்டுவன். தட்டினாலும் நிக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் வருவது வருடத்துக்கு ஒருமுறை. அது அன்றைக்கென்று வந்தது.

பசறையைத் தாண்டி, மொனராகலைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் வான் ஆடத் தொடங்கியது. மகள் ஞானேஸ்வரி என் மடியில் சாய்ந்திருந்தாள். ராசன் பெட்டிக்குப் பக்கத்து மேல்தட்டில் குப்புறப் படுத்து, லாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ குழியில் வானின் சில்லு விழுந்தது. கொளுக்கி கழன்று, லாம்பு நேராகப் பெட்டிக்குள் விழுந்து சிமினி உடைந்தது.

கற்பூரம் யோசித்து எரிகிற சாமான் அல்ல. நான் எழுந்து நிற்குமுன் சுவாலை ராசனின் தட்டு உயரத்துக்கு வந்துவிட்டது.

இதை நான் இவ்வளவு காலம் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் கை முதலில் போனது பிள்ளைக்கு அல்ல, விளக்குக்கு. சுடர் அணைந்துவிடும், நேர்த்தி தவறிவிடும், பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வரும் என்று அந்த நொடியில் புத்தி ஓடியது. “அம்மா” என்று ராசன் கத்தினபிறகுதான் அவனை இழுத்தேன். தலைமயிர் கருகின மணம் வந்தது.

“கதவைத் திற,” என்று ஞானேஸ்வரிக்குக் கத்தினேன். அவள் கதவில் கையால் தேடினாள். தேடிப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று பலகை மட்டும் இருந்தது. தாழ்ப்பாள் நான் சொன்ன இடத்தில், வெளியே இருந்தது.

தகரத்தை இரண்டு கையாலும் அடித்தேன். மூன்று தரம் அல்ல, முப்பது தரம் அடித்திருப்பேன். “மொனராகலையிலதான்,” என்று அந்தப் பக்கமிருந்து இவர் குரல் வந்தது. புலி வந்த கதை எங்களுக்கே வந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன், உள்ளே புகைதான் போனது. ராசன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருமினான். இரண்டு பிள்ளையையும் கதவடியில் தள்ளி, சேலைத்தலைப்பால் முகத்தை மூடினேன். கீழே விழாமல் காப்பாற்றுகிறேன் என்று, பிள்ளைகளை நானே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அங்கம்மா உட்கார்ந்திருந்த கம்பளியை உருவி, நெருப்பின்மேல் விரித்து, பெட்டியை அதோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். ஈரக் கம்பளி சீறியது. ஓரத்தில் எட்டிப் பார்த்த சுவாலையைக் கையாலேயே உள்ளே அமுக்கினாள். ஒரு கையை எடுத்தால் நெருப்பு அந்தப் பக்கம் கிளம்பும், அதனால் எடுக்கவில்லை.

அடுத்த வளைவில் இவர் பக்கக் கண்ணாடியில் கரும்புகையைக் கண்டு வானை நிறுத்தினாராம். கதவைத் திறந்ததும் நாங்கள் மூவரும் தெருவில் விழுந்தோம். அங்கம்மா, நெருப்பு முழுக்க அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கடைசியாக இறங்கினாள்.

பிள்ளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு இவர் கேட்டார். “லாம்பைக் கற்பூரத்துக்கு மேல கொழுவினது ஆர்?”

அங்கம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். “நாந்தாங்க ஐயா,” என்றாள்.

“இல்லை, நான்,” என்றேன். “உள்தாழ்ப்பாள் வேண்டாமெண்டதும் நான்தான்.”

மொனராகலையில் அவளுடைய கைகளுக்கு மருந்து போட்டுக் கட்டினார்கள். திரும்பிப் போவோம் என்றார் இவர். அங்கம்மாதான் சம்மதிக்கவில்லை. நாற்பத்தொரு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள். பின்கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, நான் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொள்ள, வான் கதிர்காமம் போய்ச் சேர்ந்தது.

சந்நிதியில் எங்களிடம் சுடரும் இல்லை, கற்பூரமும் இல்லை. கட்டுப் போட்ட கைகள் குவியவில்லை. அங்கம்மா அவற்றை மார்புக்கு நேரே ஏந்திக்கொண்டு, நாற்பத்தொரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“கற்பூரம் வழியிலயே போச்சே, கோவிக்க மாட்டினமே?” என்று கேட்டேன்.

“எரிக்கத்தானேம்மா குடுத்தாங்க,” என்றாள்.

இரண்டு மாதம் அவளால் கொழுந்தெடுக்க முடியவில்லை. பிறகும் வலதுகையில் இரண்டு விரல் மடங்கவில்லை. கொழுந்தைக் கிள்ளுகிற விரல்கள் அவைதான். இவர் சொல்லி அவளை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலைக்கு வைத்தார். அவள் நன்றி சொன்னபோது, எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

திரும்பி வந்த மறுநாள் மாடசாமியைக் கூப்பிட்டு, உள்தாழ்ப்பாள் போடச் சொன்னேன். அவர் துளைபோடும் கருவியை எடுக்கவில்லை. ஆணி நுனியால் கதவுப் பலகையைச் சுரண்டினார். மேலே பூசிய மெழுகு உதிர்ந்தது. நாலு துளைகள் வரிசையாக, ஏற்கெனவே போட்டபடி இருந்தன. நான் வேண்டாமென்றபோது அவர் துளையிட்டு முடித்திருக்கிறார். பிறகு அடைத்திருக்கிறார். தாழ்ப்பாளும் அவருடைய சாமான் பையிலேயே கிடந்தது.

“ஆசாரியார், அண்டைக்கு எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தாமல் கடைசி மரையாணியை முறுக்கினார்.

“ஒருவாட்டி சொன்னேங்களே, அம்மா. அதுக்கு மேல ஒங்ககிட்ட சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க.”

நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன். இருட்டில் தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்து, நானே திறந்துகொண்டு வெளியே வந்தேன்.