நீலம் ஏறிய செல்கள்

அவளுக்குச் செல்களை எண்ணிப் பார்க்கவே தேவைப்படவில்லை. நுண்ணோக்கியில் கண் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தட்டில் மருந்து விட்ட குழிகள் முழுக்க நீலம். அந்த நீலச் சாயம் உயிருள்ள செல்லுக்குள் நுழையாது, செத்ததற்குள்தான் போகும். பக்கத்தில், மருந்து படாத செல்கள் பளிச்சென்று உயிரோடு இருந்தன.

நடுக்காதின் உள்சுவர்ச் செல்கள் அவை. ஆராய்ச்சி மாணவியான அவள் மூன்று வாரமாகக் கைக்குழந்தையைப்போல் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தாள். கிருமி வந்துவிட்டது என்று ஒரு ரசாயனச் செய்தி போனால் அவை சளி சுரக்கும். செய்தி ஓயாவிட்டால் சளியும் ஓயாது. காது அடைத்துக் குழந்தைக்குக் கேட்காமல் போகும். அந்தச் செய்தியை மறிக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று பேராசிரியர் இரண்டு மாதமாகத் தலைகால் புரியாமல் இருந்தார். சளி பாதியாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் இந்த ஆய்வகத்தில் செல்களுக்கு மேலே நிற்கும் நீரை மட்டும்தான் எடுத்து அளப்பார்கள். செல்களை அன்றைக்கே ப்ளீச்சில் கொட்டிவிடுவார்கள். இன்று அவள் கொட்டாமல் சாயம் விட்டுப் பார்த்தாள்.

அந்த மருந்தைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை மாலை ஐந்து மணிக்கு இதழுக்குப் போகவேண்டும். அவள் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், மருந்து செய்தியை மறிக்கல. செல்லையே கொன்னுடுது. செத்த செல்லு எப்படி சளி விடும்?"

அங்கிருந்த சீனியர் அண்ணன் சிரித்தான். "ஊமைக்கோட்டான் வாயைத் தொறந்துடுச்சு சார், மழை வரப்போகுது."

பேராசிரியர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சளி குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது சார்."

"அதைத்தானே எழுதியிருக்கோம்? உன் பேரு ரெண்டாவதா இருக்கு. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்காத. போய் தட்டைக் கொட்டு."

"ஒரே ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"வேலை இருக்கும்மா."

அந்த 'ம்மா'வில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். குனிந்து பார்க்க அரை நிமிடம் இல்லையாம். அடுத்து எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், அதற்கடுத்து ஏதோ ஒரு குழந்தையின் காது. சளி நின்றுவிட்டது என்று அதன் தாய் சந்தோஷப்படுவாள்.

அவள் நுண்ணோக்கிக்குத் திரும்பினாள். பின்னாலேயே வந்த அண்ணன் ப்ளீச் பாட்டிலைத் திறந்தான். "கொண்டா, நானே கொட்டிடறேன்."

"தொடாதீங்கண்ணா."

சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. நுண்ணோக்கியின் கேமரா கம்பியைப் பிடுங்கி, கூட்டத்துக்கு வைத்திருந்த புரொஜெக்டரில் செருகினாள். முதல்முறை பொருந்தவில்லை. மறுமுறை பொருந்தியது. சுவர் முழுக்க நீலம் பரவ, மேசைகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.

"யாரு இதைப் போட்டது?" என்று கேட்டபடி பேராசிரியர் வெளியே வந்து சுவரை மறித்து நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டைமேல் செத்த செல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.