விழாத பட்டன்

முழந்தாளுக்குக் கீழே கல் குளிர்கிறது, காற்சட்டைத் துணியைத் தாண்டி எலும்பைத் தொடுகிறது, ஐந்நூறு அறுநூறு வருசத்துக் குளிர், கல்லுக்குக் கீழே யாரோ புதைந்திருக்கிறார்கள், பெயர் தேய்ந்துவிட்டது, நீக்கிலாப்பிள்ளை அதன்மேல் ஒரு முழந்தாளை ஊன்றி மற்றதை இழுக்கிறார், சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டார், ஊரில் பாசையூர்க் கோயிலில் கடல்மணல் ஒட்டிய காலோடு நுழைந்த நாளிலிருந்து அப்படித்தான், அந்த மணல் இப்போதும் இந்தக் கல்லில் நெறுநெறுக்கிறது, தூரத்தில் பீடத்துப் பக்கம் ஆவி எழும்புகிறது, சாம்பிராணியாக்கும், நேர்த்தி தீர்க்கிறவன் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மகள் மெற்றில்டாவை வயிற்றுக் கட்டிக்காகச் சத்திரசிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போன காலையில், கோழித் தொழிற்சாலை நாற்றம் போகாத கைகளைக் குவித்து நேர்ந்தார், பிள்ளை பிழைத்து வந்தால் முதல் கண்ணில் படுகிற கோயிலில் வாசலிலிருந்து பீடம்வரை முழந்தாளில் வருவேன் ஆண்டவரே, இங்கிலாந்தில் இந்த நோரிச்சில் கோயிலுக்கா பஞ்சம், தெருவுக்குத் தெரு சக்கிமுக்கிக் கல் பதித்த பழங்கோயில், அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது சன்னலில் முதலில் வந்தது இந்தக் கோபுரம்தான். வாசலில் பலகை இருந்தது, ஐம்பது வயதுக்குப் பிறகு படித்த இங்கிலீசு எழுத்து அவருக்கு மெல்லத்தான் கூடும், ஆனால் கோயிலுக்குள் போகிறவன் பலகையை வாசித்துவிட்டா போவான்.

எதிரே இரண்டு சப்பாத்துகள், அவற்றுக்குப் பின்னால் மேசைக் கால்கள், நிமிர்ந்தால் வெள்ளைக்காரச் சனம் கோப்பிக் குவளையோடு அவரையே பார்க்கிறது, வெளியே ஃபோன் பேசி நின்ற மெற்றில்டா ஓடிவந்து காதுக்குள் சொல்கிறாள், அப்பா எழும்புங்கோ, இது இப்ப கோயிலில்லை, கோப்பிக் கடை. கோயில ஆர் பிள்ளை மூடினது. சனம் வரேல்லையாம் அப்பா. இப்ப நிறைஞ்சுபோய்த்தானே இருக்கு. ஐயோ அப்பா, எல்லாரும் பாக்கினம். ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி குனிந்து கனிவாகக் கேட்டாள், எதையாவது தொலைத்துவிட்டீர்களா ஐயா, ஆண்டவருக்கு நேர்ந்தேன் என்று சொல்லும் அளவு இங்கிலீசு அவரிடம் இருந்தது, நாக்கு எழவில்லை, ஓம் என்று தலையாட்டினார், பட்டன் என்றார், ஒன்றும் விழாத சட்டைக் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டார், ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த இராயப்பருக்காவது உயிர்ப்பயம் இருந்தது, இவருக்கோ நாலு பேருடைய சிரிப்புத்தான் பயம்.

அவர்கள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தாங்கியிருப்பார், குவளைகளை வைத்துவிட்டுக் கதிரைகளைத் தள்ளி ஒவ்வொருவராகத் தரைக்கு இறங்கித் தேடுகிறார்கள், கோட்டுப் போட்ட கிழவர், பிள்ளையைக் கணவனிடம் கொடுத்துவிட்ட தாய், ஏப்ரன்காரி, ஒரு பட்டனுக்காகக் கோயில் முழுக்க முழந்தாளில் நிற்கிறது, அது பாசையூரா, பெரிய வெள்ளிக்கிழமையா, சனம் குனிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மெற்றில்டா அவர் பொத்திய கையை விலக்கிப் பார்த்தாள், பட்டன்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, தையல் ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் பக்கத்தில் முழந்தாளிட்டாள், இங்க இல்லையப்பா, அங்கால முன்னுக்குத் தேடுவம் வாங்கோ. நீ எழும்பு பிள்ளை, வயிறு நோகும். எனக்காகத்தானே அப்பா, வாங்கோ. தேடுவதுபோல் கல்லைத் தடவித் தடவி இருவரும் போகிறார்கள், பீடம் இருந்த இடத்தில் கோப்பி இயந்திரம் சீறி ஆவி விடுகிறது, அதுவரை போயாயிற்று, நேர்த்தி தீர்ந்ததா, பொய்யில் ஊர்ந்து வந்த பாதியை ஆண்டவர் கணக்கில் எடுப்பாரா.

அப்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவி மூச்சு வாங்க அவர் முன்னால் தவழ்ந்து வந்தாள், முழங்கையெல்லாம் தூசி, இரண்டு விரலால் பிடித்து எதையோ உயர்த்திக் காட்டினாள், யாருடையதோ ஒரு வெள்ளைப் பட்டன், வட்டமாக, மெல்லியதாக, இதுதானே என்று கேட்டாள், முகமெல்லாம் சந்தோசம். நீக்கிலாப்பிள்ளை நற்கருணை வாங்கும் பழக்கத்தில் வலது கைமேல் இடது கையை விரித்து நீட்டிவிட்டார், உள்ளங்கையில் அதை வைத்தாள், ஆமென் என்று வாய்வரை வந்ததை விழுங்கித் தாங்க்ஸ் என்றார், சுற்றிலும் கை தட்டுகிறார்கள், அவர் எழும்பவில்லை, முழந்தாளுக்குக் கீழே கல் சுடுகிறது.