அச்சு விழாத தகடு

பேச்சி வீட்டுப் பசுவுக்கு வலது பக்கம் கிடையாது. இடது பக்கம் நின்று பார்த்தால் கொம்பு, காது, விலா, மடி என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் தட்டி எடுத்த அண்டா மாதிரி உள்ளே குழிந்து கிடக்கும். அந்தக் குழியில் இரண்டு வருஷமாக ஒரு சிட்டுக்குருவிக் குடும்பம் குடியிருந்தது. பாலுக்குக் குறைவில்லை. காலையில் இரண்டு லிட்டர், சாயங்காலம் ஒன்றரை லிட்டர். சங்கரன்கோவிலில் பால் வாங்குகிறவர்கள் பாலைப் பார்ப்பார்களே தவிர மாட்டைச் சுற்றிவந்து பார்ப்பதில்லை. அதனால் லிட்டருக்கு ஊரில் என்ன விலையோ அதே விலைதான் பேச்சிக்கும் கிடைத்தது.

அந்தப் பசு உண்டியல் வழியாக வந்தது. வீட்டில் தேள், பாம்பு நடமாட்டம் இருந்தால் கோயில் வாசல் கடையில் தேள் உரு, பாம்பு உரு வாங்கித் தலையைச் சுற்றி உண்டியலில் போடுவது இந்த ஊரில் உள்ள பழக்கம். கண்வலிக்குக் கண், கால்வலிக்குக் கால், பிள்ளை இல்லாதவர்களுக்குத் தொட்டில். எல்லாமே வெள்ளைத் தகட்டில் அச்சு அடித்தவை. முன்பக்கம் புடைத்திருக்கும், பின்பக்கம் குழிந்திருக்கும். போட்டவர்களுக்கு நடக்கும், நடக்காமலும் போகும், யாரும் கணக்குக் கேட்டு நின்றதில்லை. பேச்சி ஒருத்திக்கு மட்டும், ஆடித்தபசுத் திருவிழா அன்று எதைப் போட்டாளோ அது உருவில் இருந்தபடியே மூன்றாம் நாள் காலையில் வாசலில் வந்து கிடந்தது. முதல் வருஷம் அடுப்படியில் தேள் வருகிறதே என்று தேள் போட்டாள். போக வேண்டிய தேளுக்குப் பதிலாக முழ நீளத்தில் ஒரு தேள் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் மாரிக்கண்ணன் செருப்பால் அடித்தபோது டங்கென்று தட்டில் அடித்த சத்தம் கேட்டது. புரட்டிப் பார்த்தான், முதுகு இருந்தது, வயிறு இல்லை.

அடுத்த ஆடியில் சோதனைக்கு மாடு போட்டார்கள். அதற்கடுத்து வீடு போட்டார்கள். வீடு வந்து வாடகை வீட்டு வாசலில் நின்றதில் தெரு அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி உள்ளே வர முடியவில்லை. பின்சுவர் இல்லாத வீடு என்பதால் கனம் குறைவு. எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தூக்கிப்போய் பேச்சியின் அப்பா விட்டுப்போன காலிமனையில் வைத்தார்கள். பின்பக்கம் தார்ப்பாய் கட்டினார்கள். கொரோனா வந்த வருஷங்களில் பக்தர்களை உள்ளே விடவில்லை, அந்த வருஷங்களை மாரிக்கண்ணன் நஷ்டத்தில் எழுதினான். அப்போது தெருவில் தறிகளும் மாதக்கணக்கில் நின்றன. அந்த அமைதி நல்ல அமைதி இல்லை, அதில் பானையின் அடி தெரிந்தது. கோயில் திறந்த பிறகு ஃபிரிட்ஜ் வந்தது. ஃபிரிட்ஜ் உரு அடிக்க அச்சு கிடையாது என்பதால் உருக்கடை நல்லகண்ணு அண்ணாச்சியே சொல்லி வைத்துச் செய்து கொடுத்தார். பின்பக்கம் திறந்துகிடந்த அந்த ஃபிரிட்ஜின் குளிர் முழுவதும் பின்னால் போனது. சித்திரை மாதத்தில் தெருநாய்கள் அங்கே வரிசையாகப் படுத்தன. பைக்கும் வந்தது. ஒரு பக்கம் மட்டும் உள்ள பைக் நிற்கத்தான் செய்யும், ஓடாது. மாரிக்கண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைத்தான்.

இத்தனையும் வந்ததில் பேச்சிக்குச் சந்தோஷம் இருந்ததா என்றால் இருந்தது. வாசலில் சாமானைப் பார்த்ததும் நெஞ்சு குப்பென்று நிறையும். உள்ளே போய்ப் பால் காய்ச்சிக் காப்பி போட்டு, ஆற்றிக் குடித்துத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும்போது பார்த்தால் இருக்காது. எங்கே போனது என்று தேடியும் பார்த்தாள். சரி, இது சின்ன சாமான், அதனால் சீக்கிரம் தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் பெரிதாகப் போடுவோம் என்று நினைத்துக்கொள்வாள். வீடு வந்தபோதும் காப்பிக்கு மேல் தாங்கவில்லை.

இருவரும் வேலை பார்த்தது துரைப்பாண்டி முதலாளியின் தறிக்கூடத்தில். மாரிக்கண்ணனுக்கு நாலு தறி, துண்டு ஓடும். பேச்சி மூலையில் உட்கார்ந்து தார் சுற்றுவாள், அதாவது தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் ஏற்றுவாள். தறி ஓடுகிற தெருவில் வாயால் பேசிப் பயனில்லை. அங்குள்ளவர்கள் கையைக் காட்டியும் உதட்டைப் பார்த்தும் பேசிக்கொள்வார்கள். நாடா அடிக்கிற அடி காதில் ஆரம்பித்துப் பல்லில் வந்து முடியும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் தலையணைக்குள் தறி ஓடும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதில்லை. கூலி வருகிற சத்தம் அது.

போன வருஷம் சித்திரையில் மாரிக்கண்ணன் வீட்டு நடுக்கூடத்தை முழம் போட்டு அளந்தான். அந்த ஆடிக்குத் தறி போடுவது என்று முடிவு செய்துவிட்டான். நல்லகண்ணு அண்ணாச்சி தறி உருவுக்கு அச்சும் செய்யச் சொல்லிவிட்டார்.

“சொந்தத் தறிட்டி. பின்பக்கம் இல்லேன்னாலும் மேஸ்திரிய வச்சு ஒட்டிக்கிடலாம். வருசத்துக்கு ஒண்ணா, கூடத்துல ரெண்டு, திண்ணையில ரெண்டு” என்றான்.

“அப்போ நாம எங்கன படுக்க?”

“தறிக்கு நடுவுல. முதலாளிமாரெல்லாம் எங்கன படுக்காங்கன்னு நெனச்ச?”

“அவுக தறிய விட்டுத் தள்ளிப் படுக்காங்க. நீங்கதான் தறிய வீட்டுக்குள்ள கொண்டாறீங்க.”

அன்றிலிருந்து பேச்சிக்கு அதே நினைப்புதான். ஒரு ஆடிக்கு ஒரு உருதான். தறி வந்தால் அது போகப்போவதில்லை. இத்தனை வருஷமாக வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்றால் வேறு என்ன வேண்டும் என்று கேட்பான். தார் சுற்றிக்கொண்டே யோசித்தாள். சங்கிலி, மிக்சி, கொடைக்கானல் என்று எதை நினைத்தாலும் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துகிற இடத்தில் வந்து முடிந்தது.

வைகாசியில் ஒரு நாள் பகலில் கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் நின்றன. நாடாக்கள் பாதி வழியில் கிடந்தன. எப்போதும் நடப்பதுதான், ஆனால் அன்றைக்குப் பேச்சி கவனித்தாள். முதலில் தோள் இறங்கியது. அதுவரை தோள் ஏறியிருந்தது என்பதே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்புறம் கடித்திருந்த பல் விலகியது. பக்கத்தில் தார் சுற்றும் சங்கரம்மாள் பெருமூச்சு விட்ட சத்தம் கேட்டது. நாலு வீடு தள்ளி யாரோ கறிவேப்பிலை தாளிக்கிற சத்தம் கேட்டது. கூடத்தில் நின்றவர்கள் அப்படியப்படியே உட்கார்ந்தார்கள். பேச்சி தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை. கரண்ட் வந்தது, தறி அடித்தது, தோள் மறுபடி மேலே போனது. அவளுக்கு அழுகை வந்தது. நூல் தூசி என்று சொல்லிக்கொண்டாள்.

ராத்திரிச் சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள். “கரண்ட் போகையில இருக்கும்லா, அதான் எனக்கு வேணும்.”

மாரிக்கண்ணன் உருட்டிய கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தான். “கரண்ட் போனா கூலி போகும்ட்டி. கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?”

“கரண்ட் போவேணாம். அந்த மாதிரி இருக்கணும். அம்புட்டுதான்.”

“இருக்கணும்னா? அத எங்கன வைப்ப, செல்ஃப்லயா?”

“சரி, நீங்க சொல்லுங்க. தறி வந்தா ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்?”

தறி வந்தால் எவ்வளவு துண்டு ஓடும், புளியங்குடி ஏவாரி என்ன விலைக்கு எடுப்பார், யார் யாரை வேலைக்கு வைக்கலாம் என்பதெல்லாம் மாரிக்கண்ணனிடம் இருந்தது. எப்படி இருக்கும் என்பது இல்லை. வைகாசி முடிந்து ஆனியும் பாதி ஆன பிறகு, ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருவரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் கேட்காமலே சொன்னான். “நா இருவது வருசமா உக்காந்து பாத்ததில்ல. உக்காந்தா தொரைப்பாண்டி மொதலாளி வாராரு, எந்திரிக்கேன். போனதும் உக்காருதேன், திரும்பி வாராரு. ஒரு தடவையாவது அவரு வரையில எந்திரிக்காம இருக்கணும். அது எப்பிடி இருக்கும்னு பாக்கணும்.”

“அதுக்குத் தறி எதுக்கு?”

“தறி இல்லாம எப்பிடிட்டி உக்கார?”

டீ கிளாசைக் கொடுத்துவிட்டு நடந்தார்கள்.

ஆடித்தபசு அன்று கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. சிவகிரி, ராயகிரிப் பக்கமிருந்து பருத்தியும் வத்தலுமாகச் சாமி மேல் வீசக் கொண்டுவந்த விவசாயச் சம்சாரிகள் பந்தலில் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். நல்லகண்ணு அண்ணாச்சி தறி உருவைப் பேப்பரில் மடித்துத் தயாராக வைத்திருந்தார். நாடா, பலகை, மோட்டார் எல்லாம் அச்சில் சுத்தமாக விழுந்திருந்தது. மாரிக்கண்ணன் அதை வாங்கி மோட்டாரைத் தடவிப் பார்த்தான்.

பேச்சி கேட்டாள், “அண்ணாச்சி, அச்சு அடிக்காத தகடு இருக்கா?”

“அதுல என்ன இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது.”

“ஒண்ணுமில்லாததுக்கு நா என்ன வெல சொல்ல?” என்று அண்ணாச்சி யோசித்தார். பிறகு மேசைக்கு அடியில் கிடந்த ஒரு துண்டுத் தகட்டை எடுத்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். “சும்மா கொண்டுபோ தாயி. அம்மன் என்கிட்ட கேட்டா நா குடுக்கலேன்னு சொல்லிருவேன், பாத்துக்கிடு.”

அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

உண்டியலுக்குப் போகிற வரிசை வெயிலில் நகர்ந்தது. மாரிக்கண்ணன் முந்தின நாள் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தான். உண்டியலுக்கு முன்னால் வந்ததும் பேச்சியின் வலது கையில் தறியும் இடது கையில் தகடும் இருந்தன. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். தறி அவன் கேட்டது. இருபது வருஷத்தில் அவன் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அவள் கை எழவில்லை.

“ஏ மைனி, போட்டுட்டு நவுருங்க. அம்மன் சப்பரம் பொறப்படப் போவுது” என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். “பேங்குல கூட இம்புட்டு யோசிக்க மாட்டாக” என்றாள் அவனுக்குப் பின்னால் நின்றவள்.

மாரிக்கண்ணன் கூரையைப் பார்த்தான், உண்டியலைப் பார்த்தான், தன் முட்டியைக் குனிந்து பார்த்தான். அப்புறம் அவள் வலது கையில் இருந்த தறியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ஒன் இஷ்டத்தப் போடு. எனக்குக் கால் வலிக்கி” என்றான்.

அவள் தகட்டைத் தலையைச் சுற்றிப் போட்டாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் தெருச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்து நின்றது. வாசலில் நேற்றைய கோலமும் ஒரு செருப்பும் கிடந்தன. செருப்பு சங்கரம்மாளுடையது. “வெறுந்தகடு போட்டா வெறும் வாசதான்” என்று சொல்லிக் கலைந்தார்கள். மாரிக்கண்ணன் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனான். பேச்சியும் பின்னால் போனாள், அவன் முதுகைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பதினோரு மணி டீக்கு முன்னால் தெருவில் உள்ள தறிகள் எல்லாம் நின்றன. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, டியூப்லைட் எரிந்தது, பக்கத்து வீட்டு டிவியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். தறி மட்டும் ஓடவில்லை. தறி பழுது பார்க்கும் மேஸ்திரி மைதீன் பாட்சா மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது, கரண்ட் இருந்தது, கோளாறு இல்லை. “எல்லாம் சரியா இருக்கு மொதலாளி. நிக்கிது” என்றார். துரைப்பாண்டி முதலாளி கத்திக்கொண்டே உள்ளே வந்தார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. சத்தமே இல்லாத கூடத்தில் அது சுவரில் போய் மோதித் திரும்பி அவர் காதிலேயே விழுந்தது. அவருக்கே கூச்சமாகிவிட்டது. குரலை இறக்கினார். இறக்கிய குரலில் திட்ட வரவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நூல் மூட்டையில் உட்கார்ந்தார்.

அதே மூட்டையில் ஏற்கெனவே மாரிக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, எழ வேண்டும் என்பதே அவனுக்கு ஞாபகம் வரவில்லை. தோள் இறங்கி, கை மடியில் கிடந்தது. முதலாளி தள்ளி உட்காரச் சொல்லவும் இல்லை. “யார் வீட்லயோ கருவாடு வறுக்காங்க” என்றார். “சாளை மாதிரி தெரியுது” என்றான் மாரிக்கண்ணன். மூலையில் பேச்சி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு டீ ஆறுகிற நேரம் அப்படி இருந்தது. பிறகு தறிகள் தாமாக ஓடின.

மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. நேரம் சொல்ல முடியாது, ஆனால் தினம் ஒரு தடவை உண்டு. முதல் வாரம் லைன்மேன் கம்பத்தில் ஏறினார். இரண்டாவது வாரம் தறி உரிமையாளர்கள் கூட்டம் போட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாத விஷயம் என்பதால் கூட்டம் சீக்கிரம் முடிந்தது. அந்த நேரத்துக்கும் சேர்த்தே கூலி போடுவது என்று எழுதிக்கொண்டார்கள். மாதக் கடைசியில் துண்டுகளை எண்ணிப் பார்த்தபோது குறைவு இல்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைத் தூங்கப்போட அந்த நேரத்தைப் பார்த்திருந்தார்கள். கல்யாணம் பேச வந்தவர்கள் அந்த நேரத்தில் பேசி முடித்தார்கள். மாரிக்கண்ணன் தறி உருவை வீட்டுப் பின்பக்கத் தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் தொங்கவிட்டான்.

இந்த ஆடியில் நல்லகண்ணு அண்ணாச்சி பேச்சியைக் கூப்பிட்டுக் கார் அச்சு வந்திருப்பதாகச் சொன்னார். அவள் சிரித்துவிட்டு ஒரு தேங்காய்ப்பழத் தட்டு மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போன புதன்கிழமை புளியங்குடி ஏவாரி துண்டு எடுக்க வந்திருந்தார். இத்தனை நாளும் அவர் வந்த நேரத்தில் தறி நின்றதில்லை. விலையைக் கத்திக்கொண்டிருக்கும்போது தறிகள் நின்றன. அவர் சொன்ன விலை தெரு முழுக்கக் கேட்டது. திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னவே ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல, அண்ணாச்சி” என்றான் மாரிக்கண்ணன், மூட்டையில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு. “இப்பிடித்தான் நிக்கும். உக்காருங்க.”

ஏவாரி உட்கார்ந்தார்.