இந்த வாரம் என்ன வியாதி?

சார்லட்டில் பிக்கப் வண்டிப் பந்தயம் மூன்றில் ஒரு பங்குகூட முடியாதபோது என் கணவன் ஹார்லன் ரேடியோவில், "வண்டி அதிருது" என்றான். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பார்வையாளர் மாடத்துக்கும் மேலே, கூரையில் நின்றிருந்தேன். ஓட்டுபவனால் தலையைத் திருப்ப முடியாது. பக்கத்தில் யார் வருகிறார்கள், பின்னால் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கூரையிலிருந்து ஒருவர் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அது என் வேலை. ஆட்களுக்கு சாண்ட்விச் கட்டுவதும் சீருடை துவைப்பதும்கூட என் வேலைதான், அதற்கு யாரும் பைனாகுலர் தரவில்லை, அவ்வளவுதான். கீழே, வண்டிகள் டயர் மாற்ற நிற்கும் பிட்டில் ஹார்லனின் அண்ணன் ஓடெல் நின்றிருந்தான். முதலாளி, தலைமை மெக்கானிக், வண்டியை ஏற்றிப்போகும் லாரிக்கு டிரைவர் எல்லாம் அவனே. அவனும் சிரித்து முடித்துவிட்டு, "டேய், இன்னைக்கு வியாதியெல்லாம் வேண்டாம்டா. இன்னைக்கு நெசமாவே ஓடுறோம்" என்றான்.

ஏன் சிரித்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிக்கப் வண்டி. பெரிய குழு ஒன்று ஓட்டித் தீர்த்துவிட்டுக் கழித்துக்கட்டியதை ஓடெல் வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வைத்து நிமிர்த்தினான். எங்கள் ஊரான மூர்ஸ்வில்லில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பந்தயக் குழுதான். கண்ணாடிக் கட்டடம், வாசலில் வெட்டிவிட்ட புல், உள்ளே ஆஸ்பத்திரி போல வெள்ளைத் தரை. எங்கள் கொட்டகையில் மழை பெய்தால் டயர்மேல் சொட்டும். பந்தயத்தில் கடைசியாக வந்தாலும் ஏதோ ஒரு தொகை கையில் கிடைக்கும். ஆனால் முடியும்வரை ஓடினால் டயருக்கே அதைவிட அதிகம் ஆகிவிடும். அதனால் எங்களைப் போன்றவர்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பச்சைக் கொடிக்கு எல்லோருடனும் கிளம்புவது, டயர் தேய்வதற்குள் உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுவது. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். நிறுத்தியதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரம் ஓடியதும் நான் கூரையிலிருந்து, "ஹார்லன், வீட்டுக்கு வா" என்பேன். உடனே ஓடெல், "இந்த வாரம் என்ன வியாதி?" என்பான். என்ன வியாதி என்பதை ஹார்லன் முடிவு செய்வான். பிரேக், சூடு, கரண்ட் என்று மாற்றி மாற்றிச் சொல்வான். அவனுக்குப் பிடித்தது அதிர்வு. பிரேக் போய்விட்டது என்றால் எவனாவது தொட்டுப் பார்ப்பான். சூடேறிவிட்டது என்றால் கொஞ்சமாவது ஆவி வர வேண்டும். அதிர்வு ஓட்டுகிறவன் கைக்குள் இருப்பது, அதை யார் எட்டிப் பார்க்க முடியும்? காரேஜ் வாசலில் அட்டையோடு நிற்கும் அதிகாரி க்ரேடி நல்ல மனிதர். எங்கள் வண்டி வருவதைப் பார்த்ததுமே, "நடுக்குவாதம் இன்னும் சொஸ்தமாகலையா ஹார்லன்?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொள்வார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்திய பிறகு ஹார்லன் லாரியின் பின்படியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓடி முடிக்கும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பான். கையுறையைக் கழற்ற மாட்டான். பந்தயம் முடிந்து கடைசி வண்டி அணைந்த பிறகுதான் கழற்றுவான். நான் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயம்.

இப்படி நிறுத்தி நிறுத்திச் சேர்த்ததில் ஒருமுறை டல்லடேகாவில் முழுசாக ஓடுவது என்று ஓடெல் முடிவெடுத்தான். அது பெரிய மைதானம். கடைசியில் முன்னால் போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி, தடம் முழுக்கப் புகையாகிவிட்டது. ஹார்லனுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. "கீழ, கீழ, கீழயே இரு, இப்ப மேல, வா வா வா" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். புகைக்கு இந்தப் பக்கம் எங்கள் வண்டி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. ஆறாவது இடம். டிவிக்காரர்கள் முதல்முறையாக அவன் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்கள். "நான் ஒண்ணுமே பாக்கலைங்க. கண்ணு பூரா எம் பொண்டாட்டியோடது" என்றான். அன்றைக்கு நான் கூரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பீலர் கூப்பிட்டார். எங்கள் வட்டாரம் முழுக்க வீடுகளில் மலத்தொட்டி சுத்தம் செய்யும் கம்பெனி அவருடையது. "நம்ம ஓட்டத்துக்கு ஏத்த ஆளுதான்" என்று ஓடெல் சிரித்தாலும், வண்டிக்குப் பழுப்பு வண்ணம் அடித்து, இஞ்சின் மூடிமேல் பீலர் பெயரைத் தானே உட்கார்ந்து எழுதினான். பீலர் கேட்டது ஒன்றுதான். "நிறுத்துற வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம் தம்பி. சார்லட்ல முழுசா ஓடிக் காட்டுங்க. அடுத்த வருஷம் பூரா செலவை நான் பாத்துக்கறேன்." அதை நம்பி ஓடெல் சைலன்சர் கடை வேலையை விட்டான். ஹார்லன் ரொட்டி வேன் ஓட்டுவதை விட்டான். சார்லட்டுக்கு பீலர் தன் சர்ச் ஜனங்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்திருந்தார். எல்லோர் தலையிலும் பழுப்புத் தொப்பி. கூரையிலிருந்து பார்த்தபோது மாடத்தில் அந்த இடம் மட்டும் உழுத வயல்போல இருந்தது. எங்கள் வண்டி பதினாலாவதிலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு பதினொன்றுக்கு வந்திருந்தது. தாண்டும்போதெல்லாம் அந்த வயல் எழுந்து நின்றது.

அப்போதுதான் அவன் அதிர்கிறது என்றான்.

"ஓடெல், வெளையாடல" என்றான் மறுபடியும். சிரிப்பு நின்றது. "கிளெண்டா, பின்சக்கரம் ஆடுதா பாரு."

பைனாகுலரை எடுத்தேன். இரண்டாவது வளைவில் பார்த்தேன், நேர்த்தடத்தில் பார்த்தேன், இன்னொரு சுற்று முழுக்க அவன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நூல் பிடித்ததுபோல் போய்க்கொண்டிருந்தது.

"நேராத்தான் போகுது" என்றேன்.

அவன் இன்னொரு சுற்று ஓடினான். பிறகு, "கை மரத்துப் போச்சு. கொண்டு வரேன்" என்றான். அன்றைக்கு யாரும் அவனை வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை.

பிட்டில் நான்கு சக்கரமும் மாற்றினார்கள். நட்டுகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. ஓடெல் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போ, போ" என்று வண்டியின் கூரையைத் தட்டி அனுப்பினான். வெளியே போன வண்டி சீக்கிரமே திரும்பி வந்தது. இந்தமுறை பிட்டில் நிற்காமல் நேரே காரேஜுக்குப் போய்விட்டது. நான் படிகளில் இறங்கி, தடத்துக்கு அடியில் போகும் சுரங்கப் பாதை வழியாக ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஹார்லன் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் க்ரேடி பக்கத்தில் வந்தார். இவன் வாயைத் திறக்கும் முன்பே அவர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"அதிர்வுதானே?"

"க்ரேடி, இது நெசம்."

"எல்லாமே நெசந்தான் ஹார்லன்" என்றார் அவர். "நான் என்னைக்காவது இல்லைன்னிருக்கேனா?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார், தோளில்கூடத் தட்டினார்.

பீலர் மட்டும் தனியாக இறங்கி வந்தார். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. ஓடெல் சொன்னதையெல்லாம், தன் பெயர் எழுதியிருந்த மூடிமேல் கையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "நிறுத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லிருக்கலாம் தம்பி. இத்தனை ஜனத்தைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்" என்றார். ஓடெல் மறுபடியும் ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உங்க பழைய ரிசல்ட்டெல்லாம் பாத்துட்டுத்தான் நான் வந்தேன். அதுலயும் இதேதான் போட்டிருக்கு."

ஓடெல் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கழற்ற ஆரம்பித்தான். சக்கரம், அச்சு, பின் பற்சக்கரப் பெட்டி, இஞ்சினிலிருந்து பின்னால் வரும் தண்டு என்று ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய போர்வைமேல் வரிசையாக வைத்தான். தண்டைச் சுழலவிட்டு, காதை வைத்துக் கேட்டான். நான் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் குழம்பும் கொண்டுபோய் வைத்தால் அப்படியே ஆறிப்போய்க் கிடக்கும். ஒரு வெடிப்பு கிடைத்தால் போதும் என்று வெறி பிடித்தவன்போல் தேடினான். கிடைத்தால் கையில் எடுத்துக்கொண்டு பீலர் வீட்டுக்கு ஓடியிருப்பான். ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் கழற்றி முடித்த அன்று கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, கையிலிருந்த துணியை மடித்தான். நானும் ஹார்லனும் வாசல் பக்கம் நின்றிருந்தோம்.

"பயந்துட்டியாடா?" என்றான் ஓடெல். குரல் மிருதுவாக இருந்தது. "பயந்திருந்தா சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இத்தனை வருஷம் பாதியிலயே நிறுத்திப் பழகின ஒடம்பு. அதுக்கே தெரியாம..."

"அதிர்ந்துச்சு" என்றான் ஹார்லன்.

ஓடெல் என் பக்கம் திரும்பினான். "நீ மேலருந்து பாத்தே. ஆடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லி வந்த இடம்தான் இது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. பார்த்ததைக் கேட்டான், பார்த்ததைச் சொன்னேன்.

"நேராத்தான் போச்சு."

ஹார்லன் மூலையில் இருந்த தொட்டிக்குப் போய், கிரீஸ் போக்கும் நரநரத்த சோப்பை எடுத்துக் கை கழுவினான். அன்று அவன் எதையும் தொட்டிருக்கவில்லை. ரொம்ப நேரம் கழுவினான்.

அதன்பிறகு யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஓடெல் எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினான். ஜார்ஜியாவிலிருந்து ஒருவர் வந்து வண்டி, லாரி, ரேடியோ, டயர் எல்லாவற்றையும் மொத்தமாக விலைக்கு எடுத்துக்கொண்டார். வண்டியை லாரிமேல் அவரே ஓட்டி ஏற்றினார். ஹார்லன் கொட்டகை வாசலில் நின்று அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இறங்கி, "நல்லா இருக்கே வண்டி" என்றார். இவன் தலையை ஆட்டினான். பிறகு அதைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை. ஓடெலுக்குக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே அவனுக்குப் பின்சக்கரங்களை மட்டும் பார்க்கும் வேலை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறான். நான் பள்ளிக்கூட உணவறைக்குப் போகிறேன். ஹார்லனை ரொட்டி வேனுக்கு மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். துணி மடிக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, இதோ வரப்போகிறது என்று நினைப்பேன். வரவே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்பதுபோல, டல்லடேகாவை வேண்டுமென்றே நினைத்துப் பார்ப்பேன். ஆறாவது இடம் என்று சொல்லிப் பார்ப்பேன். வீட்டில் நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். உப்புப் போதுமா, கரண்ட் பில் கட்டியாச்சா, மழை வருமா. ஓட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ யாராவது பழைய ஞாபகத்தில், "என்ன ஹார்லன், நடுக்கம் நின்னுச்சா?" என்று கேட்டால் அவன் பல்லைக் காட்டுவான். நானும் காட்டுவேன்.

சென்ற சனிக்கிழமை அவனோடு ரொட்டித் தட்டு இறக்குகிற ஆள் வரவில்லை என்று நான் கூடப் போனேன். விடிந்து வெயில் ஏறியிருந்தது. பின்னால் அடுக்கியிருந்த ரொட்டியின் வெதுவெதுப்பான வாசனை முன்னால் வரைக்கும் வந்தது. கான்கார்டில் இரண்டு கடைகளுக்கு இறக்கிவிட்டு சார்லட் பந்தய மைதானத்தை ஒட்டிய சாலையில் வந்துகொண்டிருந்தோம். அங்கே புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். வேன் தண்ணீரில் போவதுபோல் போனது. மாடம் இடதுபக்கம் காலியாக, வெயிலில் உயர்ந்து நின்றது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கிளெண்டா" என்றான்.

"என்ன?"

"கையை இங்க வை."

ஸ்டியரிங்கில் தன் கைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டான். நான் சீட்டில் நகர்ந்துபோய் வைத்தேன். ரப்பர் பிடி அவன் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. சாலையையே பார்த்துக்கொண்டு, யாரோ தூங்குவதைக் கலைக்கக்கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டான்.

"தெரியுதா?"

எதிரே சாலை நேராக இருந்தது. வேனும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கையை எடுக்கவில்லை.