கல்லீரல் மட்டும் பாஸ்

பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழையும்போது முதலில் அவருடைய செண்ட் வாசனை வரும், பிறகு அவர் வயிறு வரும், அதன் பின்னால் மாணவர்கள் கூட்டம் வரும். நோயாளி ஒருவர் அங்கே படுத்திருக்கிறார் என்ற ஞாபகம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும்.

நுரையீரலில் புற்று வந்தவர் எப்படித் தேறுவார் என்பதை நுரையீரலைப் பார்த்துச் சொல்ல முடியாது, கல்லீரலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அவருக்கு முன்னால் பத்துப் பேர் சொன்னதுதான். ஆனால் அவரளவு சத்தமாக யாரும் சொல்லவில்லை. ரத்தம் எடுத்து, அல்புமின் எவ்வளவு, பிலிருபின் எவ்வளவு என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் போடுவார். நல்ல மதிப்பெண்ணுக்குப் படுக்கையின் தலைமாட்டில் பச்சை ஸ்டிக்கர், சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. அந்த மதிப்பெண்ணுக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட மனுஷன் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள்.

மாஸ்டரின் தலைமாட்டில் பச்சை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அடுக்களையில் மனைவி பாலை மறந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், இங்கே அவர் கால் தரையை ஓங்கி அழுத்தும். அவளும் சத்தம் கேட்டு அடுப்பை அணைப்பாள். இதற்காக அவள் எரிச்சல்படாத நாள் இல்லை. இப்போது பால் அதுபாட்டுக்குப் பொங்கி வழிகிறது, தட்ட ஆளில்லை.

பச்சை ஒட்டிய அன்று அவள் பூரித்துப்போனாள். பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி நாத்தனாருக்கு, ஓரகத்திக்கு, மாடி வீட்டுக்காரிக்கு என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பெரிய டாக்டரும் வாரம் தவறாமல் மாணவர்களைக் கூட்டி வந்து, விற்பனைக்கு வந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல மாஸ்டரின் கல்லீரலைப் புகழ்ந்தார். குடிக்காத மனிதர், ராஜா மாதிரிக் கல்லீரல், இவரெல்லாம் லேசில் விடமாட்டார் என்பார். மாணவர்கள் தலையாட்டுவார்கள். ராஜாவைச் சுமந்துகொண்டிருந்த மாஸ்டருக்கோ, கழிவறை வரை போய் வருவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

எதிர்ப்படுக்கையில் ஒரு சமையல்காரர், சிவப்பு ஸ்டிக்கர். அவர் ஒருநாள் எழுந்து, முகம் கழுவி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நம்பிக்கைத் துரோகம் செய்தவனைப் பார்ப்பது போல பெரிய டாக்டர் அவரைப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் மாஸ்டரின் மனைவி ஸ்டிக்கரிலிருந்து கண்ணை இறக்கினாள். இத்தனை நாளும் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதன் கீழே படுத்திருந்தவரைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று இருந்தது. மாஸ்டரின் கன்னம் உள்ளே போயிருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் கால், எதையும் அழுத்தாமல் கிடந்தது.

"என்னங்க, என்ன வேணும் உங்களுக்கு?"

"வீட்டுக்குப் போணும்."

"டாக்டர் விடமாட்டேங்கிறாரே. பச்சைக்காரங்க மருந்தை முழுசா முடிக்கணுமாம்."

மாஸ்டர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "கல்லீரலை மட்டும் இங்க விட்டுட்டுப் போவோம். அவருக்கு அதைத்தானே பிடிச்சிருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு நடைவழிக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அவர் உட்கார முடிகிற வரைக்கும்தான் காரில் கூட்டிப்போக முடியும். ஸ்ட்ரெச்சரில் போகிற வீடு அவர் கேட்கிற வீடு இல்லை.

மறுநாள் பெரிய டாக்டர் தன் கூட்டத்தோடு வந்ததும் அவள் எழுந்து நின்று வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். அடுத்த மாதம் டாக்டர்கள் மாநாடு இருக்கிறது, அதில் பச்சைக்காரர்களைப் பற்றிப் பேசப் போகிறேன், இந்த நேரத்தில் போவதாவது என்று ஆரம்பித்து, நூறு பச்சைக்காரர்களை எடுத்துக்கொண்டால் அதில் முக்கால்வாசிப் பேர் என்று கையை விரித்து விளக்கப் போனார்.

"நான் நூறு பேரைக் கட்டிக்கலையே டாக்டர்" என்றாள் அவள். "ஒருத்தரைத்தான். இவருக்குச் சொல்லுங்க. இவருக்கு எவ்வளவு நாள்?"

டாக்டர் விரித்த கையை இறக்கினார். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு, அந்தப் படுக்கைக்கு வர ஆரம்பித்து முதல் தடவையாக, மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாதும்மா" என்றார் மெதுவாக. "இது நூறு பேருக்குச் சொல்ற கணக்கு. தனி ஆளுக்கு... தெரியாது."

மாணவர்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் அதையும் குறித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே மாத்திரைகளும் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டருமாக அனுப்பிவைத்தார்கள். வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. பக்கத்து சீட்டில் அவரை ஏற்றிவிட்டு அவள் ஸ்டியரிங் பக்கம் உட்காருவதைப் பார்த்து மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணமான புதிதில் அவளுக்கும் கற்றுக்கொடுத்தவர்தான். லைசென்ஸ் வாங்கிய நாளோடு சரி. ஒவ்வொரு பாடமும் சண்டையில் முடிந்ததால் அதற்கப்புறம் அவர் இருக்கும்போது அவள் வண்டியைத் தொட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோதுதான், காலியான பக்கத்து சீட்டை வைத்துக்கொண்டு, நடுங்கி நடுங்கித் திரும்ப ஓட்டினாள்.

"கிளட்சை மெதுவா விடு" என்றார் கண்ணைத் திறக்காமல். "அது என்ன, மிதியடியா?"

"வாய் மட்டும் பச்சை ஸ்டிக்கர்தான்" என்றாள்.

கடைத்தெருவைத் தாண்டியதும் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். செருப்புக்கடை, மருந்துக்கடை, யாரோ துணி உலர்த்துகிற மொட்டைமாடி என்று ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, எல் போர்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுத் தெரு வந்தது. இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பப் போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். அவர் கால் தன் பிரேக்கின் மேல் இருந்தது. அதில் பலம் ஒன்றும் இல்லை. அவளுடைய காலும் பிரேக்கில்தான் இருந்தது. யார் முதலில் அழுத்தினார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னாச்சுங்க?"

"இண்டிகேட்டர் போடாம திரும்புற."

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

"தப்புத்தான் மாஸ்டர்" என்றாள். "ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி வரேன்."

"ம். வா, பாக்கலாம்."

அவள் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வண்டியை நேராக விட்டாள்.