தளபதி யாக்கோப்பின் தொப்பி

ஒரே வெடியில் முந்நூறு சனத்தையும் முழு வெள்ளைக்காரப் படையையும் நிலத்தோடு விழுத்தி, ஒருத்தருக்கும் கீறல்கூடப் படாமல், அதே வெடியில் ஒரு கொம்பன் யானையையும் காட்டுக்குத் திருப்பி அனுப்பிய ஆள் இந்த உலகத்தில் செல்வநாயகம் ஒருவர்தான். அப்படித்தான் அவரே சொன்னார். பஸ் டிப்போவில் சாரதியாக இருந்து இளைப்பாறியவர். மாங்குளத்தில் பிரேக் அறுந்த பஸ்ஸை முறிகண்டிப் பிள்ளையார் தும்பிக்கையால் பிடித்து நிறுத்தினார் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறவர். அவருடைய கதையை நம்ப அவருடைய ஊரான ஆறாம் வாய்க்காலில் ஒரு மாடுகூட இல்லை.

நடந்தது ஆவணியில். இருநூறு வருசத்துக்கு முந்தி, முல்லைத்தீவுக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர் வன்னியர் படைக்குத் தாக்குப்பிடிக்க ஏலாமல் வள்ளம் ஏறி ஓடின சண்டையொன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேடினாலும் ரெண்டு வரிக்கு மேல் அகப்படாது. அந்தக் குறையைத் தீர்க்க ஆறாம் வாய்க்கால் சனசமூக நிலையம் அதைக் கூத்தாகப் போட்டது. இரவில் யானைத் தொல்லை என்பதால் பொழுதுபட முதலே முடிக்கிற மாதிரி ஏற்பாடு. வன்னியராசா பண்டாரவன்னியனாக ஊர்ப் பெடியன் அனோஜன். வெள்ளைக்காரத் தளபதியாக, கடற்கரையிலிருந்து மீன்காரர் யாக்கோப்பு. செல்வநாயகத்தின் பஸ்ஸில் காலம் முழுக்க மீன்பெட்டி ஏற்றின சிநேகிதன். தளபதி ஓடித் தப்புகிற வள்ளம் அவருடையதுதான், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தது. வெயிலிலும் உப்பிலும் கறுத்த முகத்துக்கு ஒரு கிலோ கோதுமை மா போனது. தலைக்கு, மனுசி யூலிற்றா பச்சைக் குருத்தோலையில் இழைத்த பெரிய தொப்பி.

பனங்குத்தியைக் குடைந்து கரி பூசினால் பீரங்கி. அதற்குப் பக்கத்தில் தீப்பந்தத்தோடு நிற்கிற பீரங்கிக்காரன் செல்வநாயகம். ஆனால் வெடி இல்லை. பந்தத்தைக் காட்டினால் தவில்காரர் ஒரு அடி அடிப்பார், அவ்வளவுதான். இதை ஒருத்தரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கவில்லை. பொங்கலுக்குக்கூடச் சீனவெடி கொளுத்தாத ஊர் அது. நாற்பது வயது தாண்டின எவருடைய உடம்புக்கும் அந்தச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

செல்வநாயகத்தின் மனுசி விமலேஸ்வரிக்கு அது மற்றவர்களைவிடக் கூடத் தெரியும். நாட்டில் நடந்த போரின் கடைசி மாதங்களை, குண்டு விழும்போதெல்லாம் மகள் பிரியந்தினியைக் கீழே போட்டு, மேலே தான் குப்புறக் கிடந்து கழித்தவர். இப்பவும் குக்கர் விசில் அடித்தால் கை தலைக்குப் போகும். கூத்துக்கு வரமாட்டேன் என்றுதான் நின்றார். மகள் தலையில் அடித்துச் சத்தியம், சத்தமே இராது என்று செல்வநாயகம் கெஞ்சின பிறகுதான் வந்தார். வந்தும் கூட்டத்துக்குள் இருக்கவில்லை. மனம் பதறினால் எழும்பிப் போகலாம் என்று ஆகக் கடைசியில், வாய்க்கால் கட்டோரம் பாய் போட்டு இருந்தார். தளபதியின் வள்ளமும் அந்தப் பக்கம்தான் நின்றது.

சூரியன் பனைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. தோற்ற தளபதி யாக்கோப்பு சனத்துக்குள்ளால் ஓடிப்போய் வள்ளத்தில் குதித்தார். சனம் கைதட்டிச் சிரித்தது. அதைப் பார்க்கத் தலையை நிமிர்த்தின செல்வநாயகம், கட்டுக்கு அங்கால் நின்ற பாலைமரத்தின் நிழல் நடக்கிறதைக் கண்டார்.

யானை. காற்றில்லை, மணி இல்லை, காலடிச் சத்தம் இல்லை. விமலேஸ்வரியின் முதுகுக்குப் பின்னால், பாயை முட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. காதை ஆட்டவில்லை. காதை ஆட்டாத யானைதான் ஆளை அடிக்கும் என்று வயல் காவலில் அவர் படித்திருந்தார்.

கத்தினார். வாயைத் திறந்தாரே ஒழியச் சத்தம் வரவில்லை. எழுபது வருசம் ஓயாமல் கதைத்த தொண்டை அந்த நேரம் பார்த்துக் காய்ந்து போனது. கையை ஆட்டினார். பீரங்கிக்காரன் நல்லா நடிக்கிறான் என்று முன்வரிசை சிரித்தது. மடியில் வயல் காவலுக்குக் கொடுக்கிற யானை வெடியொன்று எப்பவும் செருகியிருக்கும். தொட்ட கையோடு சத்தியமும் ஞாபகம் வந்தது. வெடியைச் சனத்தின் தலைக்கு மேலால் எறியவும் ஏலாது. பனங்குத்திக்குள் போட்டார். பந்தத்தை வைத்தார்.

ஊர் அதிர்ந்தது.

ஒருத்தரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். முந்நூறு பேர், அறுத்த கதிர்போல, ஒரே நேரத்தில் நிலத்தில். தாய்மார் பிள்ளைகளுக்கு மேல். தவில்காரர் தவிலுக்குக் கீழ். வன்னியராசாவும் வெள்ளைக்காரச் சிப்பாயும் ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்தபடி ஒரே பள்ளத்துக்குள். வாள், துப்பாக்கி, கச்சான் கடலைச் சரை எல்லாம் சிதறிக் கிடந்தன. விழாமல் நின்றது ரெண்டே பேர், செல்வநாயகமும் யானையும். அவர் வீரத்தில் நிற்கவில்லை. முழங்கால் பூட்டிப்போய் மடக்க ஏலவில்லை.

யானை திரும்பவில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்தது. பாயில் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்த விமலேஸ்வரியைச் சுற்றி வந்து வள்ளத்துக்குள் தும்பிக்கையை விட்டது. என்னவோ துழாவியது. பிறகு, சந்தைக்கு வந்த ஆள் போல, அது தன்பாட்டில் காட்டுக்குள் போனது.

சனம் எழும்பிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீடுகளுக்கு ஓடிய ஓட்டத்தில் கட்டோரம் முழுக்கப் புழுதி பறந்தது. அதற்குள் யானையின் காலடித் தடத்தை எங்கே தேடுவது? செல்வநாயகம் எல்லாருக்கும் சொன்னார். ஓடினவர்கள் நின்று யாக்கோப்பைக் கேட்டார்கள், ஏனென்றால் கிட்ட நின்றது அவர்தான். யாக்கோப்பு கண்ணைத் துடைத்தபடி, மா கரைஞ்சு கண்ணுக்குள்ள போட்டுது என்றார். யானையாவது பூனையாவது, அண்ணை விளையாட்டுக்கு வைச்ச வெடி என்று சிரித்தார். தொப்பி எங்கே என்று யூலிற்றா கேட்டதற்கு, காத்துக் கொண்டுபோட்டுது என்றார். அன்றிலிருந்து கரை முழுக்க, செல்வநாயகம் பல்லைக் கடித்துப் பந்தம் வைக்கிறதை நடித்துக் காட்டினதும் அவர்தான்.

விமலேஸ்வரி ஏசவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார். ஒரு காலை, பையை அடுக்கிக்கொண்டு மாங்குளத்தில் இருக்கிற மகளிடம் போக பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டார். பின்னால் செல்வநாயகம்.

"உங்கட பொய்யோட இவ்வளவு காலம் சீவிச்சனான்" என்றார் விமலேஸ்வரி. "அது பரவாயில்லை. பிள்ளையின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு, திரும்பவும் என்னை நிலத்தில கிடக்கப் பண்ணிப்போட்டியள்."

இந்த முறை செல்வநாயகம் கதை கட்டவில்லை. கொம்பைச் சொல்லவில்லை, உயரத்தைச் சொல்லவில்லை. "யானை வந்தது, விமலா" என்றார்.

அந்த நேரம் மீன்பெட்டி கட்டின மோட்டார் சைக்கிளில் யாக்கோப்பு வந்தார். வழக்கம்போலப் பகிடி சொல்ல வாயைத் திறந்தவர், விமலேஸ்வரியின் கையில் இருந்த பையைக் கண்டார். தூரத்தில் பஸ் தெரிந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"அக்கா, அண்டைக்கு ஒரு இலைகூட அசையேல்லை" என்றார். "தொப்பியைக் காத்துக் கொண்டுபோகேல்லை. தலையிலயிருந்து மெதுவா எடுத்தது. அதுக்குப் பிறகு என்ர முகத்தையெல்லாம் ஈரமாத் தடவிச்சுது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதனான். கடலுக்குப் போற ஆம்பிளை அதை எப்பிடிச் சொல்லுறது? அண்ணை வெடி வைச்சிராட்டி, கூத்து முடிய நீங்கள் எழும்பி நேர அதின்ர காலுக்குள்ளதான் போயிருப்பியள்."

பஸ் வந்து நின்றது. விமலேஸ்வரி ஏறவில்லை. யாக்கோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொம்பு இருந்ததோ எண்டு எனக்குத் தெரியாது, அக்கா" என்றார் யாக்கோப்பு. "ஆனா யானை வந்தது, ஓம்."